மூன்று பேருக்கு அர்ச்சனை

அவர்களுக்கு அழுகிற முகம் ஒன்று தேவைப்பட்டது. மற்றதெல்லாம் தயார். செக்டர் சமாஜ் சதன் ஹாலை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிவு செய்தாயிற்று, வீணைக் கச்சேரிக்கு ஒரு மாமி சம்மதித்தாயிற்று, இட்லி வடைக்குச் சொல்லியாயிற்று. இலங்கை மலையகத்தில் பெருமழையில் மண் சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வரிசை வீடுகள் புதைந்துபோயிருந்தன. வீடிழந்த அந்தக் குடும்பங்களுக்குக் கூரை போட்டுத் தரும் தொண்டு அமைப்பு ஒன்றுக்குப் பணம் திரட்டித் தருவது என்று, டில்லி ஆர்.கே.புரத்துத் தமிழ்க் குடும்பங்கள் நடத்தும் சின்னச் சங்கம் ஒன்றின் இளைஞர் அணி முடிவு செய்திருந்தது. இளைஞர் அணி என்றதும் பெரிய படையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ப்ரசன்னா, அர்விந்த், மேதா, அவ்வளவுதான். மற்றவர்கள் வாட்ஸாப் குழுவில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதோடு சரி.

ப்ரசன்னா சட்டம் படிப்பவன், மைக் கிடைத்தால் விடமாட்டான். அர்விந்த் கரோல் பாக்கில் மூன்றாவது தலைமுறை. தமிழ் காதில் விழுந்தால் பாதி புரியும், வீடியோ எடுப்பதிலும் வெட்டி ஒட்டுவதிலும் கெட்டிக்காரன். மேதா கல்லூரியில் இரண்டாம் வருஷம். அப்பா ராமமூர்த்தி ஓர் அமைச்சகத்தில் அதிகாரி, வீடு அரசாங்கக் குவார்ட்டர்ஸ். மேதாவைக் கெட்ட பெண் என்று சொல்லிவிட்டால் நமக்கெல்லாம் சௌகரியமாக இருக்கும். ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. புதைந்த லயன்களின் படத்தைப் பார்த்த அன்றைக்கு அவள் சாப்பிடாமல் எழுந்து போனது உண்மை.

மலையகத்திலிருந்து வந்த படங்களில் சேறு இருந்தது, உடைந்த சாலை இருந்தது, அரிசி மூட்டை இருந்தது. ஆட்கள் இல்லை. இதைக் காட்டினால் யாரும் பர்ஸைத் திறக்கமாட்டார்கள் என்றான் அர்விந்த். அந்தத் தொண்டு அமைப்பின் சார்பில் பேசுகிறவர் உஷாராணி என்ற பள்ளி ஆசிரியை. யாராவது ஓர் அம்மா அழுதுகொண்டே பேசுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்ப முடியுமா என்று ப்ரசன்னா போனில் கேட்டான்.

“அப்படி ஏலாது தம்பி,” என்றார் உஷாராணி. “அழுதுகிட்டு இருக்கிற ஆளுக்கு முன்னுக்குப் போய் போனைப் புடிக்க எங்களுக்கு மனசு வராது. வேற என்னா வேணுமுன்னாலும் கேளுங்க.”

போனை வைத்ததும் ப்ரசன்னா, இவர்களுக்கு ஃபண்ட் ரெய்ஸிங் என்றால் என்னவென்றே தெரியவில்லை என்று சலித்துக்கொண்டான். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். மேதாவும்தான் ஆட்டினாள்.

நாமே நடித்துவிட்டால் என்ன என்று ஒரு யோசனை எழுந்தது. மேதா துப்பட்டாவைத் தலைமேல் போட்டுக்கொண்டு, வீடு விழுந்துவிட்டது என்று அழுது காட்டினாள். அவள் தமிழைக் கேட்டு அர்விந்துக்கே சிரிப்பு வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, மேதாவுக்குப் பளிச்சென்று ஒரு ஆள் நினைவுக்கு வந்தாள். முத்துமாரி அக்கா.

முத்துமாரி அவர்கள் வீட்டில் சமையல் வேலை செய்பவள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் டில்லிக்கு வந்தவள். நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் கரையோரத்துத் தமிழ்க் குடிசைகளில் அவளுடையதும் ஒன்று. போன மாதம் அத்தனையையும் இடித்துவிட்டார்கள். சிலருக்கு நகரத்தின் அந்தக் கோடியில் மாற்று வீடு கிடைத்தது, முத்துமாரிக்கு அதுவும் இல்லை. மகள் அபிராமியைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டில் ஒண்டியிருந்தாள். தம்பி பெண்டாட்டி மாதம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் பக்கத்தில் ஒரு அறை அமையாவிட்டால் அபிராமியை ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். பன்னிரண்டாம் வகுப்பு நடுவில் நின்றுபோகும். இதையெல்லாம் முத்துமாரி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிக் கேட்டிருந்ததால்தான் மேதாவுக்கு அந்த யோசனையே வந்தது. ப்ரசன்னா அவள் முதுகில் தட்டிப் பாராட்டினான்.

படம் எடுக்கிற அன்று முத்துமாரி நல்ல புடவை கட்டி, தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். அர்விந்த் மேதாவைப் பார்த்தான். மேதா தயங்கித் தயங்கி, வேலைக்கு வருகிற புடவையிலேயே இருந்தால் தேவலை என்றாள். முத்துமாரி கோபித்துக்கொள்ளவில்லை. கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வீடு இல்லை என்றால் எவன் நம்புவான் என்று அவளே சொல்லி, பூவையும் எடுத்து வைத்துவிட்டாள். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், காலிசெய்து போட்டிருந்த பழைய பிளாக்கின் ஈரச் சுவரோரம் அவளை உட்காரவைத்தார்கள்.

“அக்கா, வீடு போனவாளுக்காக நாங்க பணம் கலெக்ட் பண்றோம்,” என்றாள் மேதா. “உங்க வீடு எப்படிப் போச்சுன்னு சொல்லுங்கோ. மத்லப், மனசுல இருக்கறதை. ஜகா பேர், இடத்தோட பேர் மட்டும் வேண்டாம்.”

“புரியுது பாப்பா. ஐயா சர்க்கார்ல இருக்காரு. பேரு வந்தா அவருக்குத்தானே தொந்தரவு.”

அப்பா இதில் எங்கே வந்தார் என்று மேதாவுக்குப் புரியவில்லை. “ஹாங், ஹாங்,” என்று சொல்லிவைத்தாள். இலங்கை என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொன்னால் இன்னும் கொஞ்சம் தமிழ் பேச வேண்டியிருக்கும். அதோடு, சமையல்கார அக்காவுக்கு இலங்கையெல்லாம் எதற்கு என்றும் தோன்றியது. இந்த இரண்டாவது காரணத்தை அவள் தனக்குள்ளேகூட உரக்கச் சொல்லிக்கொள்ளவில்லை.

முத்துமாரி பேச ஆரம்பித்தாள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. “விடியக்காலைல வந்தானுங்க. சாமான எடுத்துக்கறோம், கொஞ்சம் டைம் குடுங்கன்னு போலீசு கால்ல வுழுந்தேன். புல்டோசரு ஒரே தள்ளு. கொஞ்சங்கொஞ்சமாக் கட்டுன வூடு, ஒரு நிமிசத்துல மண்ணாப் போச்சு. எம்பொண்ணு புஸ்தகமெல்லாம் உள்ள கெடக்கு. கையால தோண்டித் தோண்டிப் பார்த்தேன். ஒண்ணும் கெடைக்கல.” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மேதாவுக்கும் கண் கலங்கியது. அர்விந்த் மட்டும் கேமராவை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

வெட்டுவதற்கு மேதா பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தம் சொன்னாள். போலீஸ் போயிற்று. புல்டோசர் போயிற்று. மிச்சம் இருந்தது: ஒரு நிமிசத்துல மண்ணாப் போச்சு, கையால தோண்டித் தோண்டிப் பார்த்தேன், அப்புறம் அழுகை. மலைச்சரிவுக்கென்றே பேசியது மாதிரி பொருந்திவிட்டது. முன்னால் இலங்கை வரைபடம், பின்னால் சேற்றுப் படங்கள், நடுவில் முத்துமாரி. கீழே ‘ஒரு தாயின் குரல்’ என்று மட்டும் போட்டார்கள். பொய் என்று எதுவும் எழுதவில்லையே என்று மேதா சமாதானம் செய்துகொண்டாள். இப்படிச் சமாதானம் செய்துகொள்கிற சாமர்த்தியம் எங்கிருந்து வருகிறதோ, படித்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தன்னால் வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. ப்ரசன்னா இங்கிலீஷில் பேசினான், விளக்கை அணைத்து வீடியோவைப் போட்டார்கள். முடிந்தபோது மூக்குறிஞ்சும் சத்தம்தான். பிறகு கைதட்டல். போனை நீட்டி க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய வரிசை நின்றது. எதிர்பார்த்ததைப்போல் பலமடங்கு சேர்ந்தது. அன்றைக்கே அத்தனையையும் மலையகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மேதாவின் அம்மா ருக்மிணிக்கு முதல் நொடியிலேயே முத்துமாரியை அடையாளம் தெரிந்துவிட்டது. திரும்பி மேதாவைப் பார்த்தாள், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள், மறுபடி திரையைப் பார்க்கலானாள். அப்பா இரவு வீட்டுக்கு வந்ததும், நன்றாகச் செய்தீர்கள் என்றார். கொஞ்சம் பொறுத்து, வீடியோவில் இருப்பது யார் என்று ரொம்ப வெளியில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சொன்னார். நல்ல காரியத்துக்குத்தானே என்று அம்மா முடித்துவைத்தாள்.

முத்துமாரியும் அன்று அங்கேதான் இருந்தாள். கேட்டரிங்காரருக்கு ஆள் பற்றவில்லை என்று ருக்மிணிதான் அவளைச் சட்னி ஊற்றக் கூப்பிட்டிருந்தாள். தன் குரல் கேட்டுத்தான் வெளியே வந்திருக்க வேண்டும், கைதட்டலின்போது சமையற்கட்டு வாசலில் அவள் கரண்டியோடு நிற்பதை மேதா பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சபையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். திரையில் தன்னைப் பார்த்த சந்தோஷம் என்று மேதா நினைத்து, கையை அசைத்துச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை மேதா கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். முத்துமாரி பீன்ஸ் நறுக்குவதை விட்டுவிட்டு எழுந்து வந்து, உன் நட்சத்திரம் என்ன பாப்பா என்று கேட்டாள். மேதாவுக்குத் தெரியவில்லை. பூஜை அலமாரி முன்னாலிருந்து அம்மா பூராடம் என்று குரல் கொடுத்தாள்.

“அந்தப் புள்ளைங்க ரெண்டு பேருதும் கேட்டுச் சொல்லு. இன்னிக்குச் செவ்வாக்கெழம. மலை மந்திர் முருகங்கிட்ட உங்க மூணு பேருக்கும் அர்ச்சனை பண்ணணும். பெத்த புள்ளைங்ககூட இப்படிச் செய்யாது.”

எதற்கு அர்ச்சனை என்று மேதா கேட்டாள். முத்துமாரி சொன்னாள். பக்கத்து முனிர்காவில் ஒரு அறை பார்த்துவிட்டாளாம், ஜன்னல் இருக்கிறதாம், பள்ளிக்கூடத்துக்கு ஒரே பஸ். டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்திருந்ததை நேற்றே போய்த் திரும்ப வாங்கிவிட்டாளாம். அபிராமி பள்ளிக்கூட வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். அறையை நிறுத்திவைக்க வீட்டுக்காரன் இன்றைக்கே டோக்கன் பணம் கேட்கிறான், மதியம் கொடுத்துவிடப் போகிறாள், பெரிய அட்வான்ஸ் சனிக்கிழமைக்குள் தர வேண்டும். நீங்கள் சேர்த்த பணம் அதற்குள் கைக்கு வந்துவிடும்தானே என்று கேட்டாள். தனக்கு மட்டும் இல்லை என்று தெரியும், வீடு இடிந்தவர்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுங்கள், தன் பங்கு வந்தால் போதும் என்றாள்.

பூஜை அலமாரி முன்னாலிருந்து மணிச் சத்தம் சட்டென்று நின்றது. அம்மாவும் கேட்டுவிட்டாள், ஆனால் வெளியே வரவில்லை. அந்த இடத்தில் மேதா ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது வேறு.

“அச்சா அக்கா. அவா ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுச் சொல்றேன்.”

கேட்டும் சொன்னாள். பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே மெசேஜ் அனுப்பினாள். ஜாதகம் பார்க்கப் போகிறாயா என்று கேலி செய்துவிட்டு, அம்மாவிடம் கேட்டு அர்விந்த் அவிட்டம் என்று அனுப்பினான், ப்ரசன்னா உத்திரம். அவள் அதை வீட்டுக்குப் போன் செய்து முத்துமாரியிடம் சொன்னாள். பெரிய அட்வான்ஸுக்குச் சனிக்கிழமை வரை அவகாசம் இருக்கிறது, அதற்குள் பணத்துக்கு ஏதாவது வழி செய்துவிட்டால் உண்மையைச் சொல்லாமலே தப்பித்துக்கொள்ளலாம் என்பதுதான் அவள் கணக்கு.

மதியம் மூன்று பேரும் மெட்ரோ நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் கூடினார்கள். அனுப்பிய பணத்திலிருந்து ஒரு ரூபாயைத் தொட்டாலும் அது திருட்டு என்றான் ப்ரசன்னா. அவன் சொன்னது நியாயம். அப்படியானால் முத்துமாரி அக்காவுக்காக இன்னொரு வீடியோ போடலாம், போன தடவை அவள் அழுததைப் பார்த்துத்தானே எல்லோரும் கொடுத்தார்கள் என்றாள் மேதா.

அர்விந்த் டீக்கிளாஸைக் கீழே வைத்தான். “அதே முகத்தை ரெண்டு வாட்டி எப்படிப் போட முடியும்? முதல் வீடியோ ஃபேக்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.”

அழுகிற அந்த முகத்தை அவர்கள் ஏற்கெனவே செலவழித்துவிட்டார்கள். முத்துமாரிக்கென்று போய் யாரிடம் கேட்டாலும், இவளை எங்கோ பார்த்திருக்கிறோமே என்பார்கள். ப்ரசன்னாவுக்கு ஒரு பெரிய வக்கீலிடம் பயிற்சிக்கு நேர்காணல் வரவிருந்தது. மேதாவை அவள் கல்லூரியில், இந்த நிதி திரட்டலைப் பற்றி மேடையில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டு, முத்துமாரிக்காகப் புதிதாகக் கேட்கலாம் என்ற நினைப்பு மேதாவுக்கு வராமல் இல்லை. தொண்டை வரை வந்தது. டீயைக் குடித்து அதை உள்ளே அனுப்பிவிட்டாள். மூன்று பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுக்கலாம் என்று பேசிப் பார்த்தார்கள், பாக்கெட் மணியில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. எல்லாவற்றையும் நாம் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு ப்ரசன்னா வகுப்புக்குப் போனான்.

சாயங்காலம் வீட்டில் அப்பாவிடம் கேட்டாள். அவர் அலுவலகப் பையைக்கூட இறக்கிவைக்காமல் நின்று கேட்டுக்கொண்டார். அந்தக் குடிசை விவகாரத்துக் கோப்பு தன் செக்ஷன் வழியாகத்தான் போயிற்று என்றும், அதில் சம்பந்தப்பட்ட ஒருத்திக்குத் தான் பெரிய தொகை கொடுத்தால் நன்றாக இருக்காது என்றும், யாருடைய முகத்தையும் பார்க்காமல் சொன்னார். அப்போதுதான் மேதாவுக்கு ஈரச் சுவரோரம் முத்துமாரி சொன்னது புரிந்தது. ஐயாவுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று அவள் தன் இடத்தின் பெயரையே முழுங்கியிருந்தாள். மேதா எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சமையலறைக்குப் போய் வெறும் பாத்திரத்தைக் கழுவினாள். ஒரு மாதச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்துவிடலாம் என்று அம்மா உள்ளேயிருந்து சொன்னாள். அது எந்த மூலைக்கு என்று அம்மாவுக்கும் தெரியும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முத்துமாரி வந்தாள். மலை மந்திர் படி ஏறி இறங்கிய களைப்பு தெரிந்தது, முகம் மட்டும் தெளிவாக இருந்தது. கையில் பழமும் தேங்காய் மூடியும் வைத்த பை, மூன்று விபூதிப் பொட்டலம். படம் எடுக்க வந்த அன்று கட்டியிருந்த அதே நல்ல புடவை. அவள் காது மூளியாக இருப்பதை மேதா கவனித்தாள். தோட்டுக்குப் பதிலாக ஈர்க்குச்சி செருகியிருந்தது.

டோக்கன் கொடுத்தாயிற்று என்றாள் முத்துமாரி. கடையில் தோட்டை நல்ல விலைக்கே எடுத்துக்கொண்டான் என்றாள்.

“அக்கா,” என்றாள் மேதா. அவளுக்குத் தமிழ் வரவில்லை, எந்த பாஷையும் வரவில்லை. “அந்தப் பணம்... உங்களுக்கு இல்ல. ஸ்ரீலங்கால மலை இடிஞ்சு வீடெல்லாம் போயிடுத்து. அவாளுக்கு. அங்க அனுப்பியாச்சு.”

முத்துமாரி சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கே இறங்குவது என்று தெரியாமல் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

“நான் சொன்னது எங்கூட்டுக் கதைதானே பாப்பா?”

“ஹாங்.”

“அங்க அழுதவங்க யாரும் இல்லியா?”

உள்ளே டிவியின் சத்தம் குறைந்தது. அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்தது.

அங்கே இருப்பவர்கள் நம் ஜனங்களா, பிள்ளைகள் இருக்கிறார்களா என்று முத்துமாரி கேட்டாள். ஆமாம் என்றாள் மேதா. முத்துமாரி தலையை ஆட்டினாள். பிறகு கை தானாகக் காதுக்குப் போயிற்று.

“காலைலயே தெரியுமில்ல உனக்கு? நட்சத்திரம் கேக்கறப்பவே?”

“தெரியும்.”

“அப்பவே சொல்லியிருந்தா தோட்டக் குடுத்திருக்கமாட்டேனே. டோக்கன அவன் திருப்பித் தரமாட்டான் பாப்பா.”

கத்தவில்லை, சாபமிடவில்லை. கத்தியிருந்தால் மேதா பிழைத்துப்போயிருப்பாள். முத்துமாரியின் முகம்தான் சிவந்துபோயிற்று. தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள், தம்பி பெண்டாட்டியிடம் பெருமை பேசிவிட்டு வந்திருக்கிறாள். அத்தனை பேர் பார்க்கத் திரையில் அழுதுவிட்டு, சட்னிக் கரண்டியோடு சபையைக் கும்பிட்டிருக்கிறாள். வெட்கப்பட வேண்டியவர்கள் அந்த வீட்டில் மூன்று பேர் இருக்க, வெட்கப்பட்டு நின்றவள் அவள். அது மேதாவுக்குத் தாங்கவில்லை. தரையைப் பார்த்தாள்.

ருக்மிணி சம்பளக் கவரோடு வந்தாள். முத்துமாரி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நாளைக்குக் காலையில் வரத் தாமதமாகும், பள்ளிக்கூடத்தில் திரும்ப டி.சி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றாள். அபிராமியிடம் தானே சொல்லிக்கொள்கிறேன், யாரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள்.

வாசல் வரை போனவள் பையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். விபூதிப் பொட்டலங்களை எடுத்து மேதாவின் கையில் வைத்தாள். மேதா பின்னால் நகர்ந்தாள்.

“வேண்டாம் அக்கா.”

“உங்க பேருக்குப் பண்ணுனது. நான் எடுத்துட்டுப்போயி என்ன பண்ண?” என்றாள் முத்துமாரி. ஐயர் பேர், நட்சத்திரம் கேட்கும்போது மூன்றும் மறந்துவிடக் கூடாதே என்று படியெல்லாம் சொல்லிக்கொண்டே ஏறினாளாம். மேதா பூராடம், அர்விந்த் அவிட்டம், ப்ரசன்னா உத்திரம். ஒன்றுகூடத் தப்பவில்லையாம்.

செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அந்த அவசரத்துல அபிராமி பேரச் சொல்ல மறந்துட்டேன் பாப்பா.”